டர்போ போயிடுச்சா, ஹோஸ் போயிடுச்சா?

"அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஏற்காடு மலையில செகண்ட் கியர்லயே ஏத்திக்கிட்டுப் போனேன்."

"எந்த வருஷ வண்டி?"

"2010 ஸ்விஃப்ட் டீசல். ஒன்றரை லட்சம் ஓடிருச்சு."

"அப்ப டர்போதான் தம்பி. வேற என்ன? மாத்திட வேண்டியதுதான்."

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. பழைய டீசல் கார் வைத்திருக்கும் பலருக்கு இந்த உரையாடல் பழக்கமானது. பாதிப் பேர் பேச்சைக் கேட்டு டர்போவை மாற்றுவார்கள். பத்தாயிரக் கணக்கில் பணம் போகும். அதில் சிலருக்கு வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பழையபடி முனகும். இன்னும் சிலருக்கு அந்த ஒரு வாரம்கூடக் கிடைக்காது. புது டர்போ போட்ட அன்றைக்கே அதே மந்தம். கடைசியில் வேறொரு மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்து, இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசலைக் காட்டுவார்.

டர்போ அநியாயத்துக்குப் பழி சுமக்கும் பாகம். உண்மையிலேயே அது செத்துக் கிடந்தாலும், பெரும்பாலும் அதைக் கொன்றது வேறொன்றாக இருக்கும். டர்போ தயாரிக்கும் கம்பெனிகள் மெக்கானிக்குகளுக்குத் தரும் பயிற்சிப் படங்களைப் பார்த்தாலே இது விளங்கும். எண்ணெய் வராமல் போனது, எண்ணெயில் அழுக்கு, வெளியிலிருந்து உள்ளே விழுந்த பொருள், அளவு மீறிய சூடு என்று சாவுக்கான காரணங்களை வகை பிரித்திருப்பார்கள். நான்கில் ஒன்றுகூட டர்போவுக்குள்ளே தொடங்குவதில்லை.

எந்த இன்ஜினை வைத்துப் பேசுவது என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரே விடைதான். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 1248 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. 2003ல் இத்தாலியில் அறிமுகமாகி, 2005ல் 1.0 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் சர்வதேச விருது வாங்கியது. மாருதி இதை 2007ல் ஸ்விஃப்ட்டில் வைத்து விற்கத் தொடங்கியது. பிறகு டிசையர், ரிட்ஸ், எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ். டாடா இதையே குவாட்ராஜெட் என்ற பெயரில் விஸ்டாவிலும் மான்ஸாவிலும் வைத்தது. ஃபியட் லீனியா, புன்ட்டோ எல்லாம் சொந்த வீட்டுப் பிள்ளைகள். நாட்டில் இத்தனை கம்பெனிகள் ஒரே இன்ஜினைப் பகிர்ந்துகொண்டதால் மோட்டார் பத்திரிகைக்காரர்கள் இதற்கு 'தேசிய இன்ஜின்' என்றே பட்டம் கொடுத்துவிட்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஆக, இன்று சாலையில் ஓடும் டீசல் ஸ்விஃப்ட் எல்லாமே பழைய வண்டிதான்.

ஸ்விஃப்ட்டில் இருப்பது 75 குதிரைத்திறன் கொண்ட வகை. டர்போ சின்னது, எளிமையானது. எஸ்எக்ஸ்4, சியாஸ் போன்றவற்றில் வந்த 90 குதிரைத்திறன் வகையில், டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகள் இருக்கும். அந்தத் தகடுகள் கரி பிடித்து இறுகுவது தனி நோய். அதைப் பிறகு பார்ப்போம்.

டர்போ என்பது சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி 1905ல் காப்புரிமை வாங்கிய யோசனை: சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்று, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்துக் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளு. கேட்பதற்கு எளிது. செய்துகாட்ட அவருக்கு இருபது வருடம் பிடித்தது. ஸ்விஃப்ட்டின் டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதாவது ஒரு நொடியில் மூவாயிரத்துக்கும் அதிகம். அந்த நேரத்தில் இன்ஜினின் கிராங்க் நொடிக்கு அறுபத்துச் சொச்சம் சுற்றுதான் சுற்றிக்கொண்டிருக்கும். இவ்வளவு வேகத்தில் தண்டைத் தாங்கிப் பிடிப்பது பால் பேரிங் இல்லை. மயிரிழை கனமுள்ள எண்ணெய்ப் படலம். அந்தப் படலம் ஒரு கணம் அறுந்தால் உலோகம் உலோகத்தைத் தின்னும்.

எனவே பழைய டர்போ வண்டியைச் சோதிப்பவர் இரண்டு வழிகளைத்தான் பின்தொடர வேண்டும். ஒன்று காற்று போகும் வழி, மற்றது எண்ணெய் போகும் வழி. காற்றுவழிச் சோதனைக்குச் செலவு குறைவு என்பதால் அதை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஏர் ஃபில்டரில் ஆரம்பிக்கலாம். சிரிக்காதீர்கள். 'டர்போ போச்சு' என்று வரும் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருப்பதும், ஃபில்டர் மண்மூடிக் களிமண் பலகைபோல இருப்பதும் புதிதில்லை. அது அடைத்தால் காற்று குறைவதோடு நிற்காது. டர்போவின் உறிஞ்சும் பக்கம் வெற்றிடம் கூடி, தண்டின் ஓரமாக எண்ணெயையும் இழுத்துவிடும். டர்போவுக்குள் இருக்கும் சீல் ரப்பர் வளையம் என்று பலர் நினைக்கிறார்கள். பிஸ்டன் ரிங் போன்ற சின்ன உலோக வளையம் அது. இருபுறமும் காற்றழுத்தம் சரியாக இருந்தால்தான் அது எண்ணெயைத் தடுக்கும்.

அடுத்தது ஹோஸ்கள். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அங்கிருந்து இன்டேக் மேனிஃபோல்டு. இந்த வழியில் உள்ள ரப்பர் குழாய்கள் பதினைந்து வருடம் சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் ஊறிக் கிழியத் தொடங்கும். பொல்லாத்தனம் என்னவென்றால், வண்டி சும்மா நின்று ஓடும்போது கிழிசல் மூடியே இருக்கும். மலையேறும்போது உள்ளே அழுத்தம் கூடியதும்தான் வாய் பிளக்கும். பட்டறையில் நிறுத்தி ரேஸ் கொடுத்துப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் சுமை இல்லாமல் டர்போ பெரிதாக அழுத்தம் கட்டாது. ஓட்டும்போது 'புஸ்ஸ்' என்ற ஒலி கேட்கலாம். ஹோஸின் வெளிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும்.

நிச்சயப்படுத்த ஒரு பழைய வழி இருக்கிறது. டர்போவின் வாயில் ஒரு மூடியைப் போட்டுக் கிளிப்பால் இறுக்கி, அதில் டியூப் வால்வு ஒன்றைப் பொருத்தி, கம்ப்ரஸரிலிருந்து ஒரு பாருக்குக் குறைவான காற்றை விட்டு, குழாய்கள் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளிப்பது. பஞ்சர் கடையில் டியூப்பைத் தொட்டியில் முக்கிப் பார்க்கும் அதே தத்துவம். குமிழி வரும் இடம் பொய் சொல்லாது. பத்து நிமிட வேலை. ஆனாலும் இதைச் செய்யாமல் டர்போவுக்கு ஆர்டர் போடுகிறவர்கள்தான் அதிகம்.

ஹோஸ் கிழிந்தால் கரும்புகை ஏன் வருகிறது? ஏர் ஃபில்டரை அடுத்து ஒரு சென்சார், உள்ளே போகும் காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலை அளந்து ஊற்றுகிறது. வழியில் பாதிக் காற்று ஓட்டை வழியாகப் போய்விட்டால் சிலிண்டருக்குள் டீசல் மிச்சம், காற்று பற்றாக்குறை. எரியாத டீசல் கரியாக வெளியே வரும். பின்னால் பைக்கில் வருபவர் திட்டுவார்.

இந்த இடத்தில் ஸ்கேனர் பற்றி ஒரு வார்த்தை. ஸ்கேனரைச் செருகியதும் 'பி0299' என்று ஒரு பிழைக் கோடு வரும். அதற்கு 'டர்போவை மாற்று' என்று அர்த்தம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சொல்வது இவ்வளவுதான்: எதிர்பார்த்த காற்றழுத்தம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. காய்ச்சல் 102 என்று சொல்லும் தெர்மாமீட்டரிடம் டைபாய்டா மலேரியாவா என்று கேட்க முடியாதல்லவா?

ஸ்கேனரின் உண்மையான பயன் கோடில் இல்லை. ஓடும்போது அது காட்டும் எண்களில் இருக்கிறது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, இன்டேக் அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சென்னையில் 1000 மில்லிபாரை ஒட்டி இருக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் அதே வண்டி 770ஐ ஒட்டிக் காட்டினால்தான் சரி. சென்னையிலேயே 850 காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. டர்போவைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. சென்சார் சரியென்றால் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்துப் பார்க்க வேண்டும். ஆரோக்கியமான டர்போ, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து இரண்டு பாரை ஒட்டிக் கொண்டுபோகும். ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். எண்ணைப் படிக்கப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும்.

அழுத்தம் சரியாக வருகிறது, ஆனாலும் வண்டி இழுக்கவில்லை என்றால்? கிளட்சைப் பாருங்கள். இது கேலி இல்லை. நான்காவது கியரில் மிதிக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. 'பிக்கப் இல்லை' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

இந்த இன்ஜினில் அடிக்கடி சிக்கும் இன்னொரு ஆள் இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடியும் உள்ளே அனுப்பி மாசைக் குறைப்பது அதன் வேலை. நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிகளில் அது கரி அப்பித் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். அப்போது நல்ல காற்று நுழைய வேண்டிய இடத்தில் புகை நுழையும். மந்தம், கரும்புகை, ஐடிலிங்கில் நடுக்கம். எல்லாம் டர்போ போன வண்டியின் அறிகுறிகள் மாதிரியே இருக்கும். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் மறுபிறவி எடுத்துவிடும். சைலன்சர் பக்கம் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தாலும் இதே கதைதான். புகை வெளியேற வழியில்லாவிட்டால் டர்பைன் எப்படிச் சுற்றும்?

முன்பு சொன்ன அசையும் தகடுகள்கொண்ட டர்போவில் கரி பிடித்து இறுகும் நோய்க்கு ஓட்டுபவரின் பழக்கமும் காரணம். ஐந்தாவது கியரில் நாற்பதில் உருட்டிக்கொண்டே மைலேஜ் சேமிப்பவர்களுக்குக் கரி சேரும். இந்த வண்டிகளில் குறைந்த வேகத்தில் மந்தமும், திடீரென்று அழுத்தம் அளவு மீறி இன்ஜின் தன்னைத்தானே அடக்கிக்கொள்வதும் மாறி மாறி வரும். இன்ஜினை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடி வரும். கண்ணுக்குத் தெரியாத பேய் மாதிரி அலைக்கழிக்கும் இந்தக் கோளாறுக்குத் தகட்டை நகர்த்தும் கம்பி தடையில்லாமல் போய் வருகிறதா என்று கையால் அசைத்துப் பார்ப்பதே முதல் சோதனை. அதை இழுக்கும் வேக்கம் ஹோஸில் விரிசல் இருக்கிறதா என்பது இரண்டாவது.

காற்றுவழி சுத்தம் என்றால் எண்ணெய்வழிக்கு வருவோம். இங்கேதான் விஷயம் பெரிது.

முதலில் நிறம். கரும்புகை டீசல் மிச்சம் என்பதைப் பார்த்தோம். நீலப்புகை எண்ணெய் எரிவது. வெள்ளைப்புகை எரியாத டீசலாகவோ கூலன்டாகவோ இருக்கும். பட்டறைகளில் இந்த நிறப் பட்டியலை ஜோசியக் கட்டம் மாதிரி ஒப்பிப்பார்கள். நிறத்தைவிட எப்போது வருகிறது என்பது முக்கியம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குப்பென்று நீலப்புகை வந்து நின்றுவிட்டால், இரவெல்லாம் வால்வு சீல் வழியே சொட்டிய எண்ணெயாக இருக்க வாய்ப்பு அதிகம். சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது பின்னால் நீல மேகம் எழுந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். சுமையோடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும்.

டர்போவின் வாயிலுள்ள ஹோஸைக் கழற்றிப் பார்த்து, "உள்ள பாருங்க சார், ஒரே ஆயில்" என்று காட்டுவது வழக்கம். சார் பயந்துவிடுவார். ஆனால் மெல்லிய பிசுக்கு எல்லா டீசல் வண்டியிலும் இருக்கும். கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆவி பிரீதர் குழாய் வழியாக இந்தப் பாதையில்தான் விடப்படுகிறது. விரலில் ஒட்டினால் கவலை வேண்டாம். இன்டர்கூலரைச் சாய்த்தால் ஊற்றினால்தான் கவலைப்பட வேண்டும்.

பிறகு தண்டை அசைத்துப் பார்ப்பது. இன்ஜின் குளிர்ந்தபின் டர்போவின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கொஞ்சம் ஆடும். ஆடத்தான் வேண்டும். எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங்குக்கு அந்த இடைவெளி வடிவமைப்பிலேயே உண்டு; எண்ணெய் வந்து நிரப்பியதும் ஆட்டம் நின்றுவிடும். "பிளே இருக்கு, போச்சு" என்று இதைக் காட்டி விற்கப்பட்ட டர்போக்களுக்குக் கணக்கே கிடையாது. பார்க்க வேண்டியது வேறு: தண்டை உள்ளே தள்ளி வெளியே இழுத்தால் விரலுக்குத் தெரிகிற அளவு நகர்கிறதா, சக்கரத்தின் இறக்கைகள் சுவரில் உரசிய தழும்பு இருக்கிறதா, நுனிகள் மழுங்கியிருக்கின்றனவா. இவற்றில் ஒன்று இருந்தாலும் டர்போ உண்மையிலேயே போய்விட்டது.

போனதற்குக் காரணம் தெரியாமல் புதிதை மாட்டினால் அதுவும் போகும். சில சமயம் ஒரு மாதத்துக்குள்.

டர்போவுக்கு எண்ணெய் மெல்லிய ஒரு குழாய் வழியாக அழுத்தத்தோடு வருகிறது. தண்டை நனைத்து, சூட்டை வாங்கிக்கொண்டு, நுரைத்த மோர் மாதிரி வெளியே வந்து, தடித்த இன்னொரு குழாய் வழியாக ஆயில் சேம்பருக்குத் திரும்புகிறது. திரும்பும் பயணத்தில் அதைத் தள்ள பம்ப் கிடையாது. சாக்கடைத் தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து போக வேண்டியதுதான். ஆகவே திரும்பும் குழாயில் சின்ன தடை இருந்தாலும் எண்ணெய் தேங்கி, இரண்டு பக்க சீலையும் தாண்டி வெளியே வழியும். அந்தத் தடை என்னவாக இருக்கும்? கேஸ்கட்டுக்குப் பதிலாகத் தாராளமாகத் தடவிய சிலிக்கான் பேஸ்ட் உள்ளே பிதுங்கியிருக்கலாம். வருடக்கணக்கில் வெந்த கரி இருக்கலாம். டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டையும் தாண்டி யாரோ ஊற்றிய எண்ணெயாகவும் இருக்கலாம்.

அல்லது 'பேக் கம்ப்ரஷன்' இருக்கலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் எரிந்த காற்று கீழே கசிந்து ஆயில் சேம்பருக்குள் அழுத்தம் கட்டும். அப்போது டர்போவின் எண்ணெய் இறங்க முடியாமல் நிற்கும். சோதிக்க ஒரு நாட்டு வழி: இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துளைமேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, துளையிலிருந்து ரயில் மாதிரி புகை வந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். அந்த வண்டியில் டர்போ மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது மாதிரி.

எண்ணெய் வரும் குழாயின் கதை இன்னும் சோகமானது. ஸ்விஃப்ட்டின் இன்ஜினில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் எண்ணெய்தான். இன்ஜினையும், டர்போவையும், டைமிங் செயினையும் அதுவே காப்பாற்ற வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதைப் பதினெட்டாயிரத்தில் மாற்றினால், வேகமாக ஓட்டிவிட்டு வந்ததும் சட்டென்று ஆஃப் செய்தால், டர்போவுக்குள் நின்றுபோன எண்ணெய் அடுப்பில் மறந்துவிட்ட தாளிப்பு மாதிரி கருகும். டீசல் புகை 700, 800 டிகிரியில் வருகிறது. பெட்ரோல் டர்போவில் இன்னும் அதிகம். கருகிய துகள் சேர்ந்து குழாயை அடைக்கும். டர்போவை மட்டும் மாற்றி, அந்தக் குழாயைப் பெட்ரோல் ஊற்றி ஊதிவிட்டு மறுபடி மாட்டுவது பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. அந்தக் குழாயைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

இந்த நோய் பெரிய கம்பெனிகளையும் விடவில்லை. ஃபோக்ஸ்வாகனின் 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் உலகப் புகழ் பெற்றது. 1998 முதல் 2004 வரையிலான பசாட் கார்களில் எண்ணெய் கெட்டிப்பட்டுத் தார் மாதிரி உறைந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தது. 2004ல் அமெரிக்காவில் அந்தக் கம்பெனி இந்தக் கோளாறுக்கான வாரன்ட்டியை எட்டு ஆண்டுகளுக்கு நீட்டித்தது. ஆயில் மாற்றிய ரசீதைக் காட்டினால்தான் செல்லும் என்பது நிபந்தனை. இந்தக் குடும்பத்து இன்ஜின்தான் இந்தியாவில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸிலும் வந்தது. அந்தப் பழைய கார்களை இன்று ஆசையாக வாங்குபவர்கள் டர்போவின் விசில் சத்தத்தைக் கேட்டு மயங்குவதற்கு முன் ஆயில் சேம்பரைக் கழற்றிச் சல்லடையைப் பார்ப்பது நல்லது.

பராமரிப்பை மறக்கிற வாடிக்கையாளர் இந்தியாவில் மட்டும் பிறப்பதில்லை. 1962ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்றொரு டர்போ காரை விற்றது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் டர்போவின் அழுத்தத்தை இன்ஜினே குறைத்துவிடும். மக்கள் ஊற்ற மறந்தார்கள். 'கார் இழுக்கவில்லை' என்று புகார் சொன்னார்கள். இரண்டே வருடங்களில் 9,607 கார்களோடு கதை முடிந்தது. கம்பெனியே பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்பரேட்டரைப் பொருத்திக் கொடுத்தது.

மல்டிஜெட்டில் எண்ணெய் குறைந்தால் டர்போவுக்கு முன்பே டைமிங் செயின் எச்சரிக்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிறது. காலை ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி சலங்கை குலுங்குவதுபோல் ஒரு சத்தம் வந்து மறைந்தால் செயின் தளர்ந்திருக்கிறது. 'டீசல் வண்டின்னா சத்தம் இருக்கும் சார்' என்ற சமாதானத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் முட்டும். இந்த இன்ஜினில் ராக்கர் ஆர்ம்கள் முறிவது வழக்கம். ஹெட் கவரைத் திறந்து உடைந்த ராக்கரைப் பார்த்துவிட்டு அதை மட்டும் மாற்றி அனுப்பினால், அதே செயின் மறுபடி தாண்டும்.

பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு. அம்பாசடர் டீசல், டாடா 407 காலத்தில் எந்த சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு நாசில் பைப்பையும் லூஸ் செய்வார்கள். சத்தம் மாறாத சிலிண்டர்தான் குற்றவாளி. அருமையான உத்தி. மல்டிஜெட் போன்ற காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கிறது. ஊசி முனையளவு கசிவும் தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும்; விரலையே எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. இன்ஜெக்டரைச் சோதிக்கப் பாதுகாப்பான வழி இருக்கிறது. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு சின்ன பாட்டில்களில் விட்டுச் சில நிமிடம் ஓட்டினால் போதும். ஒன்று மட்டும் சீக்கிரம் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது.

டர்போ முழுதாக உடைந்து எண்ணெயை இன்டேக் பக்கம் கொட்டினால் நடக்கும் கூத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். சாவியைத் திருப்பி ஆஃப் செய்தாலும் இன்ஜின் நிற்காது. தன் சொந்த ஆயிலையே குடித்து, வேகம் ஏறி ஏறி அலறும். தெருவே தெரியாத அளவு வெண்ணீலப் புகை. எண்ணெய் தீரும்வரை அல்லது இன்ஜின் உடையும்வரை ஓடும். ஓட்டுநர் இருக்கையில் இருந்தால் பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு ஐந்தாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டுவிட வேண்டும். இன்ஜின் திணறி நிற்கும். வெளியே இருப்பவர் காற்று நுழையும் குழாயைக் கெட்டியான பலகையால் மூடலாம். கையை வைத்துவிடாதீர்கள்.

எல்லாச் சோதனையும் முடிந்து டர்போதான் என்று உறுதியானால், மாட்டுபவரிடம் சில விஷயங்களைக் கறாராகக் கேளுங்கள். எண்ணெய் வரும் குழாய் புதிதா? இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவியாயிற்றா? பழைய சக்கரத்தின் உடைந்த துணுக்கு அங்கே கிடந்தால் இன்ஜினுக்குள் போகும். தேங்கிய எண்ணெய் கிடந்தால் மேலே சொன்ன அலறல் புது டர்போவோடும் நடக்கும். ஆயிலும் ஃபில்டரும் அன்றைக்கே மாற்றப்பட்டனவா? முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் எண்ணெய்த் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு, பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி அழுத்தம் ஏற்றினார்களா? உலர்ந்த பேரிங்கோடு சில நொடி ஓடினாலே புது டர்போவுக்குத் தேய்மானம் தொடங்கிவிடும்.

பழைய டர்போ டீசல் வாங்கப் போகிறவர்கள் அதிகாலையில் போய்ப் பாருங்கள். முதல் நாளே விற்பவரிடம், "நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.